கிழக்கே நின்ற வெள்ளை மேகம்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நிர்வாகம் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டது. அடுத்த செய்தியிலேயே, நாளை யாருக்கும் விடுப்பு கிடையாது என்றது. நாங்கள் எல்லோருமே அடக்கத்துக்குப் போனோம்.

சங்கரன்கோவிலில் அவரிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. நான் பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்துபவன். சுவர் தாண்டி எனக்கும் பாடம் நடக்கும். "கருப்பு மேகம்னா அழுக்கு மேகமாலே? அது தடிமனா இருக்கு. மேல விழுத வெயிலு அடி வரைக்கும் வந்து சேரல, அவ்வளவுதான். கருப்புன்னாலே உங்களுக்கு ஒரு இளக்காரம்!" வகுப்பு சிரிக்கும். நல்ல கருப்பான டீச்சர்தான் அதிகம் சிரிப்பார்.

போன ஐப்பசியில் யாரோ ஒரு பெரிய மனிதரை வரவேற்கப் பிள்ளைகளை மதியத்திலிருந்து மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர் வழக்கம்போல நேரத்துக்கு வரவில்லை. கிழக்கே ஒரு மேகம் காலிஃபிளவர் போலப் பொங்கி மேலே மேலே வளர்ந்தது.

"பிள்ளையள உள்ள கூட்டிட்டுப் போவோம் சார். இடி வரும்" என்றார் டீச்சர்.

தாளாளர் அண்ணாந்து பார்த்தார். "வெள்ளை வெளேர்னு நிக்கு. இதுல எங்கம்மா இடி?"

"மேற்கு வெயிலு நம்ம பக்கம் அடிக்கு, அதான் வெள்ளை. அதுக்கு அடியில நிக்கவனக் கேளுங்க, கருகருன்னு இருக்கும்பான்."

"பிள்ளையள் உள்ள போனா, நாளைக்கு நீங்க வேலைக்கு வராண்டாம்."

டீச்சர் தன் வகுப்பைப் பார்த்துக் கைதட்டினார். அது நகர்ந்ததும் மற்ற வகுப்புகளும் ஓடின. என் வகுப்பு எனக்கு முன்னால் ஓடியது.

மழை வரவில்லை. மேகம் கழுகுமலைப் பக்கமே இடித்து ஓய்ந்துவிட்டது. பெரிய மனிதர் காலி மைதானத்தில் வந்து இறங்கினார்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் சிக்காது என்பதால் டீச்சரின் வேலை தப்பியது. கேலி தப்பவில்லை. "டீச்சர், இன்னைக்கு மேகம் என்ன கலரு?" என்று வேன் டிரைவர்கூடக் கேட்பார். அவர் நின்று நிதானமாக விளக்குவார்: "சிவப்பா? சாயங்கால வெயிலு ரொம்பத் தூரம் காத்துக்குள்ள சாய்வா வருது. நீலம் வழியிலேயே சிதறிப் போவுது, சிவப்பு மிஞ்சுது." கேலி செய்ய வந்தவர்கள் பஸ்ஸை விட்டதுதான் மிச்சம்.

தாளாளரும் ஒருநாள் கேட்டார்: "அன்னைக்கு மழை பெய்யலையே டீச்சர்?"

"பெய்யல சார். பிள்ளையளும் நனையாம வீட்டுக்குப் போச்சு. அதுக்கா ஏசுதிய?"

மேகத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்கு மறந்துவிட்டது. என்னிடம் தங்கியது வேறு: இடி வரும் என்று தோன்றினால் யாரிடமும் கேட்காமல் பிள்ளைகளை வெட்டவெளியிலிருந்து உள்ளே கூட்டிப்போய்விடுவது. போன வாரம் கூட்டிப்போனேன். ஒரு தூறல்கூட விழவில்லை. எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள்.