கண்ணாடிப் பெட்டியில் ஒரு பல்

காலை பதினொன்றே காலுக்கு நான் நிமிர்ந்தபோது ஏழு வயது மகள் பக்கத்தில் இல்லை. தர்மபுரியில் ஒரு கல்லூரியின் நிலவியல் அருங்காட்சியகம் அது. அதுவரை நான் ஓர் ஊதாக் கல்லின் முன் நின்றிருந்தேன். அதிலுள்ள ஃபுளோரைடு குடிநீரில் மிகுந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும் என்று அட்டையில் எழுதியிருந்தது.

இண்டூர்ப் பக்கம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். அதைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் பழுப்புப் பல், எனக்கும்தான். சிரிப்பு வந்தால் அப்பாவின் துண்டு வாய்க்குப் போகும், அத்தைக்கு முந்தானை. துணிக்குப் பின்னால்தான் சிரிக்க வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர், அப்பா சொன்ன வேடிக்கைக்குச் சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "அண்ணி, அவுரும் நம்ம தண்ணிதாங்க!" என்று அம்மாவிடம் சொன்னார். சம்பந்தம் முடிந்தது.

அந்த நினைப்பில்தான் மகளைத் தவறவிட்டேன். அறை அறையாக ஓடினேன். வாசலைத் தாண்டினால் பேருந்துகள் பறக்கும் சாலை.

கடைசியில் புதைபடிவ அறையிலிருந்து ஒரு மாணவி அவளை அழைத்து வந்தாள். "உங்க பொண்ணுங்களா? யானைப் பல்ல வுட்டு நகர மாட்டேங்குதுங்க."

நான் மகளை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். சிரித்த வாயை மூடக் கை மிச்சமில்லாத அந்த நேரத்தில்தான் அவள் சொன்னாள்:

"அம்மா, உன் பல்லு மாதிரியே பழுப்பா ஒண்ணு! கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்கம்மா!"