பிரித்தெடுத்த நான்கு விரற்கடை

ஐயம்பேட்டையில் பட்டு நெய்த கிருபாமணி, ஒவ்வொரு காலையும் தறியில் அமருமுன் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை விரல்களால் வருடிப் பார்ப்பார், அறுந்தவற்றை முடிச்சிடுவார். பிறகு, "ஆண்டவரே, என் உள்ளத்தையும் காத்தருளும்" என்று வேண்டிக்கொள்வார். இரண்டையும் ஒரே வேலையாகவே அவர் கருதினார்.

1968ஆம் ஆண்டு, அடுத்த தறியில் நெய்த அம்சவேணியின் ஜரிகை நூற்கண்டு ஒன்று காணாமற்போனது. கிருபாமணிதான் எடுத்திருப்பார் என்று அவள் தெருவெங்கும் சொன்னாள். மறுநாள் அது அவளுடைய தறிக்குழியிலேயே கிடைத்தது. ஆயினும் அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை. கிருபாமணியும் எதுவும் பேசாமல் நெய்தார்.

அன்று நண்பகலில் தறியிலிருந்த சேலையைப் பார்த்தவர் திடுக்கிட்டார். ஓர் இழை அறுந்து, நான்கு விரற்கடை நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. உடனே நெய்ததைப் பிரிக்கத் தொடங்கினார்.

"ஒத்த இழைக்கா பிரிக்கிறே? மடிச்சு வெச்சா எவனுக்குத் தெரியும்?" என்றாள் அம்சவேணி.

"எனக்குத் தெரியும்மா. உன்னைத் திட்டிக்கினே நெய்ஞ்சேன். அதான் அறுந்தது கண்ணுல படல."

"நீ வாயே தொறக்கலியே!"

"உள்ளுக்குள்ள திட்டினேன். நாளைக்குச் சர்ச்சுல திருவிருந்து, அப்பமும் ரசமும் தருவாங்க. இந்த மனசோட எப்படிம்மா கை நீட்டறது? மன்னிச்சுக்கோ."

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "பழி போட்டவ நானு. மன்னிப்பு நீ கேக்குறியா?" என்றபடி எழுந்து வந்து, அருகில் அமர்ந்து குறுக்கிழையான ஊடையைப் பிரிக்கலானாள்.

எவர் காதிலும் விழாத வசவையும் தவறென ஒப்புக்கொள்ளும் துணிவு கிருபாமணிக்கு இருந்தது. அன்று அறுந்த இழையை முடிச்சிட்டவள் அம்சவேணியே. மறுநாள் கிருபாமணி தயக்கமின்றிக் கைநீட்டித் திருவிருந்து பெற்றார்.