சின்னவளுக்கு மட்டும் எப்படி?

இஸ்திரிக் கடைக்காரிக்குத் தன் கொழுந்தன் பெண்டாட்டியைக் கண்டாலே வயிறு எரியும். இருவரும் ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். மாடியில் குடியிருக்கும் சின்னவள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டு, பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் நாற்காலி போட்டு அதிகாரம் செய்கிறாள். கீழே இருக்கும் பெரியவளுக்கோ மூன்று. போதும் என்று முடிவெடுத்த பிறகு பிறந்தவைதான் பின்னால் வந்த இரண்டும்.

"நாமளும் காண்டம் போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்? அவளுக்கு மட்டும் எப்படிப் பலிக்குது?" என்று புருஷனிடம் பொருமுவாள். அந்த மனிதர் அவசர அவசரமாகத் துணிக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒருவழியாக அவளுக்கும் அந்த ஓட்டலில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை, பிள்ளைத்தாய்ச்சிகளை எடுக்க மாட்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து நாள் தள்ளிப்போயிற்று.

சோதித்துப் பார்த்த நர்ஸ், கர்ப்பம்தான் என்று சொல்லிவிட்டுக் குடைந்து குடைந்து கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் போடறீங்களா? தேதி பார்த்து வாங்கறீங்களா?"

"எல்லாம் சரியாத்தான் செய்யறோம்."

"வாங்கி எங்க வைப்பீங்க?"

"வீட்டுல வெச்சா பசங்க பலூன் ஊதிடுதுங்க. அதனால கடையிலதான். சூடான இஸ்திரிப் பெட்டி வைக்கிற தகட்டுக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கு."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாள் பூரா சூட்டுல கிடந்தா ரப்பர் நைஞ்சு போயிடும்மா. லேசா கிழிஞ்சா கண்ணுக்கே தெரியாது. சூடு படாத இடத்துல வைக்கணும்."

வீட்டு வாசலில் சின்னவள் எதிர்ப்பட்டாள். கசங்காத சீருடை. பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க காண்டத்தை எங்கடி வைக்கிறீங்க?"

சின்னவள் முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். "நான் அதையெல்லாம் நம்பலக்கா. குழந்தை பிறந்ததும் காப்பர் டி போட்டுக்கிட்டேன். வருஷக்கணக்கா கவலையில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"ரெண்டாவது பிறந்தப்பவே சொல்ல வந்தேன். கண்ணு போட வந்துட்டியான்னு கதவைச் சாத்துனீங்க. அப்புறம் நான் எப்படிக்கா வருவேன்?"

அப்போதும் பெரியவளின் கண் சின்னவளின் ஒட்டிய வயிற்றில்தான் இருந்தது. பொறாமையில் அழுகை முட்டியது.

"ஓட்டல்ல வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடு," என்றாள்.