பூனை அறையில் பினாயில் வாசம்

1. அஷ்டமி காலை

வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு கால்நடை கிளினிக்கில் நான் அட்டெண்டர். துர்கா பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நாய், பூனைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அஷ்டமியன்று காலை பூனை அறையைத் திறந்தபோது, சேஷாத்ரி சாரின் வெள்ளைப் பூனை எச்சில் ஒழுகக் கிடந்தது. நாக்கு வெந்ததுபோல் சிவந்திருந்தது. பின்கால்கள் நடுங்கின. அறை முழுக்கப் பினாயில் நெடி.

காரணம் தெரிய யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, தமிழ் தெரிந்த டாக்டர் அகிலா சொல்லியிருந்தார்.

"வசந்தி, பினாயில் பூனைக்கு விஷம். அதோட ஈரலால அதை வெளியேத்த முடியாது. பாதத்துல பட்டா உட்கார்ந்து நக்கும். அவ்வளவுதான்."

அதனால் பூனை அறைக்குத் தனி முறை. முதலில் சோப்புத் தண்ணீரால் மலம், மூத்திரம், முடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு அன்றைக்குக் கலந்த ப்ளீச், அளந்து ஊற்றியது. சற்று நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகுதான் பூனை உள்ளே போக வேண்டும். ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிட் சேரவே கூடாது. வருகிற புகை நம் நெஞ்சையே அடைத்துவிடும்.

துடைக்கிற வேலை மாலதி-தியுடையது. இங்கே அக்காவை 'தி' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஒரு படி தப்பாமல் செய்வாள். புருஷன் படுத்த படுக்கை. அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. பூனையைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை வெச்சிருக்க மாட்டாங்க, வசந்தி."

2. வாசனை கேட்டவர்

நடந்தது இதுதான். முந்தின நாள் சேஷாத்ரி சார் பூனையை விட வந்தார். பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, ஒரு வாசனையும் இல்லையே? தொடைச்சேளா இல்லையா?"

"காலையிலதான் சார்..."

"தொடைச்சா தெரியணுமோல்லியோ! ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி வாசனை வர வேண்டாமா?"

சார் அதையே ஹிந்தியில் மேனேஜர் பாபு-தாவிடமும் சொன்னார். அண்ணனை இங்கே 'தா', 'தாதா' என்பார்கள். கட்டடமே அவருடையது, டாக்டர்கூட அவரிடம் அடங்கித்தான் பேசுவார். சார் போனதும் பினாயில் பாட்டிலோடு வந்தார். பேச்சு வங்காள மொழியில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாலதி, இதைப் போட்டுத் தொடை. கூண்டுத் தட்டையும் சேர்த்து."

"பூனைங்க இருக்கே தாதா. டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"டாக்டர் ஊசி போடட்டும். வர்றவங்களுக்கு யார் பதில் சொல்றது, நீயா?"

"தாதா, அதுங்க நக்கும்" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "அட, வசந்திக்கு வாய் இருக்கா! இன்னிக்கு மழைதான்." சொல்லிக்கொண்டே பக்கெட்டில் அவர் கையாலேயே குபுகுபுவென்று ஊற்றினார். மாலதி-தி துடைத்தாள். வேறென்ன செய்வாள்?

3. தமிழில் சொன்னது

டாக்டர் பூனையின் பாதங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார், ட்ரிப் ஏற்றினார். மறுநாள் அது செத்துப்போனது. தகவல் கேட்டு சேஷாத்ரி சார் திரும்பி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"யார் தொடைச்சா? அவ இனிமே இங்க இருக்கப்படாது" என்றார், ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி.

"மாலதிதான் சார். படிக்காதவ. நான் நாய் வார்டுக்குத்தான் சொன்னேன்" என்றார் பாபு-தா.

மாலதி-தி சுவரோடு ஒட்டி நின்றாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் குழாயைச் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் வந்து நின்றேன். பதற்றத்தில் எனக்கு வீட்டு மொழிதான் வந்தது.

"சார், ஊத்தினது அவர். இவ வேண்டாம்னுதான் சொன்னா. நீங்க வாசனை இல்லேன்னு சொன்னதுக்கப்புறம் கொண்டுவந்து ஊத்தினார்."

சார் என்னையே பார்த்தார். "நான் சொன்னதுக்கா?" பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஆமாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். சார் பூனையைக் கொண்டுவந்த கூடையைக் காலியாக எடுத்துக்கொண்டு வெளியே போனார். 'இருக்கப்படாது' என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமலே போனார்.

"இவ என்ன சொன்னா?" என்று பாபு-தா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. பாவம், ஆறுதல் சொன்னா" என்றார் டாக்டர்.

அன்றைக்கே மாலதி-தியை நிறுத்திவிட்டார்கள். கேட் வரை கூடப் போனேன்.

"நீ என்ன சொன்னே அவர்கிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன்."

"நம்ம பாஷையில சொல்லியிருக்கலாமே, வசந்தி. நானும் கேட்டிருப்பேன்."

உள்ளே திரும்பிப் போய் வங்காளத்திலும் சொன்னேன். டாக்டர் கைகழுவப் போய்விட்டார். பாபு-தா, "பூனை ரூமை நீயே தொடைச்சிடு" என்றார்.

இப்போதும் அதே கிளினிக்கில்தான் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் ப்ளீச் அளவு கேட்கிறார்கள். அளவு பாட்டிலிலேயே இருக்கிறது, டாக்டரும் சொல்லித் தருவார். நான் சொல்வது வேறு. துடைக்கிற மருந்தை மாற்றச் சொல்லி யாராவது உங்களைத் தனியாகக் கூப்பிட்டால், டாக்டரையும் கூட வேலை செய்கிறவர்களையும் அழைத்து, எல்லோருக்கும் புரிகிற பாஷையில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சொல்லாதவரை பாட்டிலைத் திறக்காதீர்கள்.