ஏழு பாத்தி வெண்டை

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், வெண்ணந்தூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ஏரி அதிசயமாக வற்றாமல் கிடந்தது. சித்திரை வெயிலிலும் அலையடித்தது. ஊர்ப் பிள்ளைகள் காலையும் மாலையும் தண்ணீருக்குள்தான் கிடந்தார்கள். எனக்கு மட்டும் நீச்சல் தெரியாது.

ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் அம்மா இரண்டு பாத்தி வெண்டை போட்டிருந்தாள். வீட்டு வேலை முடிந்ததும் இருவரும் குடத்தோடு போய், ஏரியில் மொண்டு வந்து ஊற்றுவோம். காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சும்போது எழும் வாசத்துக்காகவே நான் கூடுதலாக ஒரு நடை நடப்பேன். நான் ஊன்றிய விதை மண்ணைப் பிளந்து தலைதூக்கிய அன்று தெரு முழுக்க ஓடிச் சொன்னேன். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

தண்ணீர் ஊற்றி முடித்தால் நான் ஏரியில் ஆடலாம். அம்மா படியில் துணி துவைப்பாள். கணுக்காலுக்கு மேல் இறங்கவே மாட்டாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று நானாக முடிவு செய்துவிட்டு, "பயப்படாதம்மா, நான் கத்துக்கிட்டு உனக்குச் சொல்லித் தாரேன்" என்று ஆறுதலும் சொன்னேன். சிரித்துக்கொண்டாள்.

எனக்கு நீச்சல் பழக்கியவள் பெரியம்மாவின் மகள். எட்டாவது படித்தாள். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டிவிட்டாள். மூன்றே நாளில் கைகால் அடித்து மிதந்தேன். நான்காம் நாள், ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தைத் தொட்டுவிட்டு வருவதென்று பந்தயம். அக்கா முன்னால் போய்விட்டாள். பாதித் தூரத்தில் கயிறு அவிழ்ந்தது. குடுக்கைகள் ஒரு பக்கம் போக, நான் கீழே போனேன். ஒரு கணம் வெயில் தெரிந்தது, மறுகணம் பச்சைத் தண்ணீர். கத்த வாய் திறந்தால் ஏரியே உள்ளே வந்தது.

அப்போதுதான் ஒரு கை என் சடையைப் பிடித்து இழுத்தது. அம்மா!

படியில் உட்காரவைத்து முதுகில் தட்டினாள். குடித்ததையெல்லாம் கக்கினேன். அடி விழும் என்று காத்திருந்தேன். நான் சரியாக மூச்சு விடுகிறேனா என்று மட்டும் பார்த்தாள். பிறகு ஏரியைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் பாய்ந்தாள்.

மிதந்துபோன குடுக்கைகளை எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவற்றைத் தாண்டிப் போனாள். கருவேல மரத்தைத் தொட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா வாயைப் பிளக்க, கொக்குகள் படபடத்துக் கிளம்ப, அம்மா மல்லாந்து வெயிலைப் பார்த்தபடி மிதந்தாள். நான் சாகப் பார்த்ததை மறந்து, "அம்மா! அம்மா!" என்று படியில் குதித்தேன்.

கண்கள் சிவக்கச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"பள்ளிபாளையத்துல பொறந்துட்டு நீந்தத் தெரியாதா சாமி? காவேரில அக்கரைக்குப் போயிட்டு வருவனாக்கும்."

"அப்பறம் ஏன் இத்தன நாளா எறங்குல?"

சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "கல்யாணமாயிருச்சல்ல."

கல்யாணம் ஆனால் நீச்சல் மறந்துவிடும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"ஊட்ல யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள். எனக்கு அப்பாவிடம் திட்டு விழாமல் காப்பாற்றுகிறாள் என்று நன்றியோடு தலையாட்டினேன்.

மறுநாளே அம்மா இன்னும் இரண்டு பாத்தி கட்டினாள். வைகாசிக்குள் ஏழாகிவிட்டது.

"ஏம்புள்ள, இந்த வேகாத வெயில்ல உனக்கெதுக்கு இத்தன பாத்தி?" என்று பெரியம்மா கேட்பாள்.

"செடி வாடுதுங்கக்கா. ரெண்டு நட ஊத்திட்டு வந்தர்றனுங்க" என்று அம்மா குடத்தை எடுப்பாள். நான் பின்னால் ஓடுவேன். உச்சிவெயிலில் ஏரிக்கரையில் ஆள் இருக்காது. அந்தக் கோடை முடிவதற்குள் குடுக்கையில்லாமல் அம்மாவோடு சேர்ந்து மரத்தைத் தொட்டுவிட்டேன்.

வீட்டில் காலையில் வெண்டைப் பொரியல், இரவில் வெண்டைக் குழம்பு. மிச்சத்தைத் தெருவுக்கே கொடுத்தோம். அம்மாவுக்கு வெண்டைக்காய் மேல் அப்படி என்ன ஆசை என்று எனக்குப் புரியவேயில்லை.