பன்னிரண்டு மணிக் கதவும் என் கையெழுத்தும்

முதலில் மன்னிப்பு. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வரி மேலே ஏறிக் கீழே இறங்கும். அறுபத்தொன்பது வயதில், போன மார்கழியில்தான் எழுதப் பழகினேன். நோட்டில் எழுதுவதை மருமகள் செல்வி படம் எடுத்து அப்படியே இங்கே போடுகிறாள்.

நவம்பரில், பனிச்சறுக்கு சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு, ஹவுராவைத் தாண்டி நியூ டவுனில் உள்ள செயற்கைப் பனிக் கூடத்துக்குப் போனோம். நான், மனைவி தனம், மகன் குமார், செல்வி. சறுக்க ஆசைப்பட்டவன் நான்தான்.

நாங்கள் குடியிருக்கும் சாந்த்ராகாச்சியில் 9.10 லோக்கல் ரயில். ஹவுராவுக்கு இருபத்தைந்து நிமிடம், டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து ஏசி பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வெளியே முப்பது டிகிரி. தனம் பஸ்ஸிலேயே குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டாள்.

"தாதூ, தார்ஜிலிங்கா?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டார். வங்காளியில் தாதூ என்றால் தாத்தா, தாதா என்றால் அண்ணன்.

"பஸ்ஸுலயே பாதி தார்ஜிலிங் இருக்கு, தாதா. அந்த ஏசியைக் கொறைங்க," என்றாள் தனம்.

ஆளுக்கு எழுநூறு ரூபாய். கோட்டும் பூட்ஸும் அதிலேயே அடக்கம். சறுக்க முக்கால் மணி நேரம். எங்கள் முறை பன்னிரண்டுக்கு. விழுந்தால் அவரவர் பொறுப்பு என்று படிவத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என் நரையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினாள். ரயில்வே யார்டில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்கெல்லாம் இந்தக் கட்டைவிரலைத்தான் நீட்டியிருக்கிறேன். பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். அப்போது மணி 11.54.

"அப்பா, கைநாட்டு வெச்சிருங்க. கதவை மூடிருவாங்க," என்றான் குமார். அவனுக்கு மாலை நான்கு மணிக்கு ஹவுராவில் டியூட்டி.

"எழுதட்டும்டா. பனி எங்கயும் உருகிப் போயிடாது," என்றாள் தனம்.

மாரிமுத்து என்று முழுதாக எழுதி நிமிர்ந்தேன். கதவு மூடியிருந்தது.

ஒரு மணி முறையில் இடமில்லை, யாராவது வராவிட்டால்தான் என்றாள் அந்தப் பெண். குமார் போனில் திரும்பும் பஸ் நேரத்தைத் தேடினான். என் ஐந்து எழுத்துக்காக எல்லோருடைய நாளையும் கெடுத்துவிட்டேனே என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு ஒரு குடும்பம் வரவில்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் முண்டினார்கள். "படிவம் முடித்தவர்கள் யார்?" என்று கவுண்டர் பெண் கேட்டாள். எங்கள் நான்கு படிவங்களும் தயாராக இருந்தன.

உள்ளே மைனஸ் ஐந்து. சரிவு நாற்பது மீட்டர்தான். காலில் மாட்டிய இரண்டு சறுக்குப் பலகைகளின் முன்முனையையும் சேர்த்து வைத்தால் வேகம் குறையும் என்றார் பயிற்சியாளர். எனக்கு உடனே பிடிபட்டது. ஓடிவரும் வேகனுக்கு முன்னால் தண்டவாளத்தில் இரும்புக் கட்டை வைத்து நிறுத்துவதுதான் என் வேலையாக இருந்தது; இங்கே வேகனும் நான், கட்டையும் நான். இரண்டாம் தடவை விழாமல் இறங்கினேன். குமார் நான்கு முறை விழுந்தான்.

"யார்டுக்காரர் நிக்கிறாரு, காலேஜ் படிச்சவன் கவுந்து கெடக்கான்!" என்றாள் தனம். குமாரும் சிரித்துவிட்டான். 2.10 பஸ்ஸைப் பிடித்து, டியூட்டிக்கும் நேரத்தோடு போய்விட்டான்.

போகிறவர்கள் கம்பளிக் காலுறை கொண்டுபோங்கள். ஞாயிறு வேண்டாம். என்னைப் போல மெதுவாக எழுதுபவர்கள் அரை மணி முன்னதாகப் போங்கள். ஆனால் பேனாவையே கேளுங்கள்.

தனம் விழுந்ததை இதில் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதை எழுதி அவளுக்கே வாசித்துக் காட்டுவேன். அவள் ஒப்புக்கொண்டால் நீங்களும் படிக்கலாம்.