காத்திருக்கத் தெரியாத ஆள்

அந்த மாலையை யாரிடமும் கொடுக்காமல், இரண்டு கைகளிலும் ஏந்தியபடி எங்கள் வீட்டு வாசல் படலையடியில் அவர் நின்றார். என் வாப்பா மௌத்தான அன்று நடந்தது இது. விடியற்காலை, சுபஹு நேரத்தில் வாப்பாவின் உயிர் பிரிந்தது. நண்பகல் லுஹர் தொழுகையோடு மூதூரிலேயே அடக்கிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தோம். திருகோணமலையில், நான் வேலை பார்த்த துறைமுகக் களஞ்சியத்துக்குப் பத்து மணிக்குத்தான் செய்தி போயிருக்கிறது. நாங்கள் சீவ் கிளாக்கர் ஐயா என்று கூப்பிடும் எங்கள் தலைமை எழுதுநர், மாலை ஒன்று கட்டுவித்துக்கொண்டு லோஞ்சில் குடாவைக் கடந்து வந்திருந்தார். செத்தவீடு என்றால் ஒரு இரவாவது இருக்கும் என்பது அவர் நினைப்பு. எங்களோடு இத்தனை வருடம் பழகியும், நாங்கள் மையித்துக்கு மாலை போடுவதில்லை என்பதைப் பதற்றத்தில் மறந்துபோனார். "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். "ஓம் ஐயா, முடிஞ்சுது" என்றேன். விருந்தாளி வருமுன்னரே சாப்பிட்டு எழும்பிவிட்டதைப் போல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முகத்தில் தெரிந்ததைக் கோபமென்று நினைத்தேன். அது பொறாமை என்பது விளங்கப் பல வருடங்கள் சென்றன.

அதற்கு முந்திய வருடம்தான் அவருடைய மனைவி காலமாகியிருந்தார். ஒரே மகன் கனடாவில். அவனுக்கு லீவு கிடைத்து, விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி வந்து சேரும்வரை உடல் கெடாமல் மருந்தேற்றி, எம்பாம் பண்ணி ஐந்து நாட்கள் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நாளும் தலைமாட்டில் ஒரு கதிரையைப் போட்டு அவர் இருந்தார். வருகிற ஒவ்வொருவரும் மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னார்கள். நானும் பார்த்தேன், நானும் ஏதோ சொன்னேன். அந்த நாட்களைப்பற்றி அவர் ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார். "முதல் நாள் அவ என்ர மனிசி. அஞ்சாம் நாள் ஆரோ ஒராள். மகன் வந்து அந்த ஆரோ ஒராளைத்தான் பாத்தவன்."

ஓய்வு பெற்றபின் ஒருநாள் என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். தன் காரியம் முழுவதையும், செத்தவீட்டு வேலைகளைப் பொறுப்பெடுக்கும் ஒரு மலர்ச்சாலையில் முற்கூட்டியே ஒழுங்கு பண்ணி, அதற்கான பணத்தையும் கட்டிவிட்டதாகச் சொன்னார். சாதாரணப் பெட்டி, எம்பாம் வேண்டாம், உயிர் போன அன்றே பொழுது படுமுன் சுடலை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இதையெல்லாம் நின்று நடத்திவைக்கப் பொறுப்பான ஒருவரின் பெயரை எழுதவேண்டும். தம்பலகாமத்தில் இருக்கும் தங்கச்சியின் மகனை யோசித்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரை யோசித்திருக்கிறார். கடைசியில் என் பெயருக்கு வந்து நின்றிருக்கிறார். நான் திகைத்துப்போனேன். ஐயா, நான் ஒரு முஸ்லிம், உங்கள் சடங்கில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"என்ர ஆக்கள் எல்லாம் நல்ல ஆக்கள். அதுதான் பயம். பிள்ளை போனில அழுதால் வைச்சிருப்பினம். உம்மட ஆக்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. அதுதான் எனக்கு வேணும்."

அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் கைவைத்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றாள். மகனுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. அடுத்த முறை கண்டபோது அவரிடம் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் மகன் வீடியோவில் வரும்போது சொல்லத்தான் நினைக்கிறாராம். அவன் பேரப்பிள்ளைகளைக் காட்டுவானாம், கதை மாறிப்போகுமாம். எப்படியும் சொல்லிவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கே நான் விட்ட பிழைதான் எல்லாம்.

போன வருடம் ஒரு காலையில், பல் துலக்கிவிட்டு வந்து கதிரையில் இருந்த ஐயா பிறகு எழும்பவில்லை. ஒன்பது மணிக்கு அவர் எழுதிவைத்த கடதாசியோடு நான் அங்கே நின்றேன். தங்கச்சியின் மகன் அதை இரண்டு தரம் வாசித்தான். பெற்ற பிள்ளை இருக்கத் தங்கச்சியின் மகன் கொள்ளி வைக்கிறதோ என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ஆனால் ஐயாவின் கையெழுத்தைப் பார்த்தபின் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு கனடாவிலிருந்து போன் வந்தது. என் கையில் கொடுத்தார்கள். நாளை மறுநாள் காலை வந்துவிடுவேன், ஒரு முகம் பார்க்க விடுங்கள் என்று அந்தப் பிள்ளை கெஞ்சினான். அப்பாவின் விருப்பம் இதுதான் தம்பி, எழுதி வைத்திருக்கிறார் என்றேன். உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"நீங்கள் ஆர் அங்கிள், என்ர அப்பாவை எரிக்க?"

இரண்டு நாள்தானே, வைத்தால் என்ன என்று மனம் சொன்னது. ஆனால் இளகாத ஆள் என்று நம்பித்தானே அவர் என்னைப் பிடித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐயர் வந்துவிட்டாரா, பறைமேளக்காரர் எங்கே, பெட்டி ஏன் பிந்துகிறது என்று அன்று முழுக்க எல்லோரையும் விரட்டிக்கொண்டே திரிந்தேன். ஐந்தரை மணிக்குச் சிதை மூண்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்ற நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்தநாள் மகன் என் வீட்டுக்கு வந்தான். சண்டை பிடிப்பான் என்று பயந்திருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல், தலை குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்பாட முகம் எப்பிடி இருந்தது, அங்கிள்?"

நான் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அவருக்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நின்றிருக்கிறேன், நேரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். நித்திரை கொள்ளுகிற மாதிரி இருந்தார் தம்பி என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்கக் கூடாது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை தெரியவும் இல்லை.

கட்டார் நாட்டில் இருக்கும் என் மகன் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வீடியோவில் கதைப்பான். நான் போனால் அவன் வரும்வரை எவரும் வைத்திருக்கமாட்டார்கள், அது எங்கள் வழக்கம். அவனுக்கும் அது தெரியும். முன்பெல்லாம் போனை மேசையில் கிடத்திவிட்டுப் பேப்பர் பார்த்தபடியே கதைப்பேன். அவனுக்குத் தெரிவது கூரையும் காற்றாடியும்தான். இப்போது கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். கதை முடிந்தபிறகும் போனை வைப்பதில்லை.

"என்ன வாப்பா, ஒண்டும் பேசாம இரிக்கிறீங்க?" என்று கேட்கிறான்.

"ஒண்டுமில்ல மகன். நீ பாரு" என்கிறேன்.